ஏழு மாத வாத்தியார்

நாமக்கல் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் ஏழே மாதம் வாத்தியாராக இருந்தேன். என்னை வேலையிலிருந்து நீக்கியது ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. ராஜிநாமாக் கடிதத்தில் கையெழுத்து மட்டும் என்னுடையது.

அண்மையில் 'சாக்' என்ற அமெரிக்கப் படம் பார்த்தேன். 2006-இல் வந்தது. செய்திப்படம் போலவே எடுத்த கற்பனை. எழுதிய மைக் ஏகெல், கிறிஸ் மாஸ் இருவரும் வாத்தியார்களாக இருந்தவர்கள். ஆசிரியர்களில் பாதிப்பேர் மூன்று வருஷத்துக்குள் ஓடிவிடுகிறார்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். எனக்கு ஒரு தெம்பு வந்தது!

சரித்திரம் சொல்லித்தர வந்த லௌரி என்ற புது வாத்தியார் வகுப்பின் முன்னால் திருதிருவென்று விழிக்கிறார். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்தது.

நம்முடைய 'சாட்டை'யில் (2012) சமுத்திரக்கனி வந்ததும் பள்ளிக்கூடமே திருந்திவிடும். நல்ல படந்தான். ஆனால் அந்த வாத்தியாரைப் பார்த்தால் எனக்கு என்மேல் கோபம் வருகிறது. லௌரியிடம் அந்தத் தொல்லை இல்லை. அடுத்த வருஷமும் அவர் வருவாரா என்பதே அங்கே கேள்வி.

போன மாதம் நாமக்கல் பஸ் நிலையத்தில் ஒருவன் கும்பிட்டான். பழைய 'பி' பிரிவு. கோழித்தீவன வியாபாரமாம்.

"ஏனுங் சார், பாதியிலயே போயிட்டீங்க?"

பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஏறிக்கொண்டேன். அது திருச்செங்கோடு பஸ். நான் போக வேண்டியது சேலம்.