கேள்விக்குறியைக் காணோம்

காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் காரணம் ஒரே வரிதான்: ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றதைப் பாலிசிதாரர் மறைத்துவிட்டார். படித்துச் சொன்னதும் அந்த அம்மா, "அவருக்கு ஈசினோபிலியாதானே சார் இருந்துச்சு? ராத்திரி பூரா இருமுவாரு" என்றார். கணவர் கும்பகோணத்தில் பாத்திரக் கடை ஊழியர். பாலிசி எடுத்து மூன்றரை வருஷத்தில் மாரடைப்பு.

நுகர்வோர் மன்றத்தில் எதிர்த்தரப்பு தாக்கல் செய்த கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். வெள்ளணு 32,000. சாதாரணமாக 11,000-க்குள் இருக்கும். கீழே டூட்டி டாக்டரின் கிறுக்கலில் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் 'லுக்கீமியா'. சந்தேகத்தை டாக்டர்கள் அப்படித்தான் குறிப்பார்கள். நிறுவனத்தின் விசாரணை அறிக்கைக்கு நோயின் பெயர் வந்து சேர்ந்திருந்தது, கேள்விக்குறியைக் காணோம். இரண்டு பக்கம் தள்ளி ஸ்மியர் ரிப்போர்ட்: ஈசினோபில் 70 சதவீதம், எல்லாம் முதிர்ந்த அணுக்கள்.

யானைக்காலைத் தரும் அதே ஃபைலேரியா புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் சிக்க, உடம்பு அளவுக்கு மீறிச் சீறுவதால் வரும் கோளாறுதான் அந்த அம்மா சொன்ன ஈசினோபிலியா. 1943-ல் வைன்கார்ட்டன் என்பவர் 'லான்செட்' இதழில் வெப்பமண்டல ஈசினோபிலியா என்று பெயரிட்டு எழுதினார். டைஎத்தில்கார்பமசின் மாத்திரை மூன்று வாரம், பெரும்பாலும் அதோடு சரி.

நிறுவனத்தின் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"இந்த மாத்திரையில் லுக்கீமியா குணமாகுமா?"

"ஆகாது."

"மாத்திரை முடிந்த பிறகு எடுத்த ரிப்போர்ட்டில் வெள்ளணு எவ்வளவு?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "9,800" என்றார்.

புற்றுநோய் அங்கேயே விழுந்தது. என் தலைவலி வேறு. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு வாரத்துக்கு மேல் சிகிச்சை பெற்றதுண்டா? பதில், 'இல்லை'. ஏஜென்ட் நிரப்பியது என்று சொல்லலாம். ஆனால் கையெழுத்து நம்முடையது, அந்த வாதம் நிற்காது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவைத்தான் பிடித்தேன். அப்போதைய சட்டப்படி இரண்டு வருஷம் கடந்த பாலிசியில் தவறான பதில் மட்டும் போதாது. முக்கியமான விஷயமாக இருக்க வேண்டும், பொய் என்று தெரிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு சொல்லியிருக்க வேண்டும். 1962-ல் மிட்டூலால் நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. (2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருஷம் கடந்தால் எந்தக் காரணம் காட்டியும் ஆயுள் பாலிசியைக் கிளற முடியாது.)

சங்கடம் என்னவென்றால், ரத்தசோகை உள்ளிட்ட நோய்களை மறைத்ததற்காக மிட்டூலால் தரப்பு தோற்றது. எதிர்த்தரப்பு வக்கீல் விடுவாரா? அந்தப் பத்திகளை நிறுத்தி நிதானமாக வாசித்தார். நான் அதே தீர்ப்பிலிருந்து மூன்று நிபந்தனைகளை வாசித்தேன்.

இருமலுக்கு மாத்திரை சாப்பிட்டுத் தேறியவர் நிறுவனத்தை ஏமாற்ற நினைத்தார் என்பதற்கு ஆதாரமில்லை என்றது மன்றம். பாலிசித் தொகையும் வட்டியும் தரச் சொன்னது. நிறுவனம் மாநில ஆணையம் வரை போய்ப் பார்த்தது, அங்கேயும் எடுபடவில்லை.