சந்தையில் எது குவிந்து கிடக்கிறது?

வாப்பா சந்தைக்குப் புறப்படும்போது உம்மம்மா அவரோடு நேரே பேசமாட்டார். மருமகன் முன்னால் வருவதற்கு அந்தக் காலத்து மாமிமாருக்கு அவ்வளவு கூச்சம். கதவோரத்தில் நின்று, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, என்னிடம்தான் சொல்லி அனுப்புவார். "வாப்பாக்கிட்டச் சொல்லு மகள், எது குவிஞ்சு கிடக்கோ அத வாங்கிட்டு வரட்டாம்." அவர் கொடுக்கும் சாமான் பட்டியல் அவ்வளவுதான்.

அது 1973. எனக்கு ஏழு வயது. கிழக்கிலங்கையின் மருதமுனையில் எங்கள் ஒழுங்கையில் விடிந்தால் தறிச்சத்தம்தான். வாப்பா சாரன் நெய்தார். உம்மா நூல் சுற்றினார். நூல் கிடைத்த வாரம் வீட்டில் காசு இருக்கும், கிடைக்காத வாரம் இருக்காது. அந்த வருடம் உலகச் சந்தையில் தானியத்தின் விலையும் எண்ணெய் விலையும் ஏறியதால், கூப்பனுக்குக் கிடைத்த அரிசி, மாவு, சீனி எல்லாம் குறைந்தன. பாணுக்கு வரிசை. நாங்கள் நான்கு பிள்ளைகள். கடைசித் தம்பி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தான்.

அந்தக் காலத்தைப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கும். எனக்கு நினைவிருப்பது பசியல்ல, சாப்பாடு. ஒவ்வொரு மாதமும் வேறு வாசம் வந்த எங்கள் குசினி.

மாசி, பங்குனியில் கடல் அடங்கும். கரைவலைத் தோணி இறங்கும். சுபஹு தொழுகை முடிந்து வாப்பா கடற்கரைக்குப் போனால் நானும் பின்னால் ஓடுவேன். வலையின் இரண்டு கயிறுகளையும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். ஈர மணலில் குதிகால்கள் புதைந்து பள்ளம் விழும். சின்னப் பிள்ளைகள் நாங்களும் கயிற்றின் வாலைப் பிடித்துக்கொள்வோம். மடி கரையேறும்போது உள்ளே வெள்ளி கொதிப்பதுபோல் கீரிமீன் துடிக்கும். மடி நிரம்பிய நாளில் விலை விழுந்துவிடும். பாரையும் சூரையும் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, வாப்பா ஓலைப்பெட்டி நிறையக் கீரிமீன் வாங்குவார். கயிறு பிடித்த கூலியாக என் கையிலும் ஒரு பிடி விழும்.

உம்மம்மா அதை மண்சட்டியில் அடுக்குவார். அடியில் கறிவேப்பிலை, மேலே மீன், அதற்கு மேல் புளிக்கரைசலும் மிளகும் மஞ்சளும். அகப்பை போடவே மாட்டார். சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டி, மறுபடி சிறு தணலில் வைப்பார். புளி வற்றும் நேரத்தில் முள் மெழுகாகிவிடும். அதைத் தலையோடும் முள்ளோடும் மென்று தின்போம். வாப்பா பெரிய மீன் வாங்காத நாளுக்காக நான் முகம் சுளித்தால், "பெரிய மீன்ட முள்ளக் காக்கைக்குத்தான் போடுவ. இதுல முள்ளும் உனக்குத்தான்" என்பார். வளரும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து அந்த முள்ளில்தான் இருக்கிறது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்தது பல வருடங்களுக்குப் பிறகு.

பிறகு கச்சான் காற்று. மேற்கிலிருந்து நெருப்பாய் வீசும். அப்போது வெள்ளரிப்பழம் வரும். வெயிலில் தானாக வெடித்து, மாவாக உதிரும் பழம். மாட்டுவண்டியில் குவித்துக் கொண்டுவருவார்கள். சர்க்கரை தூவிச் சாப்பிட்டால் தொண்டையிலிருந்து வயிறுவரை குளிர்ந்துவிடும். மாம்பழமும் அதே காலம்தான். காட்டுப்பக்கம் போய்வருபவர்கள் பாலப்பழம் கொண்டுவருவார்கள். உதடு ஒட்ட ஒட்டத் தின்போம். சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் மலிவாகக் கிடைக்கும். மதியச் சோற்றுக்குத் தயிரும் ஒரு வாழைப்பழமும் போதும். கறிக்கு அடுப்பெரிக்கத் தேவையில்லை, விறகும் மிச்சம்.

ஐப்பசியில் வாடை தொடங்கினால் கடல் எங்களை அண்டவிடாது. தோணிகளை மேலே இழுத்துக் கவிழ்த்துவிடுவார்கள். அந்த மாதங்களில் எங்கள் முகம் மேற்கே வயலைப் பார்க்கும். வெள்ளம் நின்ற வயல்களிலும் வாய்க்கால்களிலும் கெளுத்தி, விரால், பனையேறி. மழையோடு வல்லாரையும் பொன்னாங்காணியும் கால் வைக்கிற இடமெல்லாம் முளைக்கும். அவற்றுக்குக் காசே இல்லை, குனிந்து பறிக்க இடுப்பு இருந்தால் போதும். காலையில் பாணுக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. அதை அவிக்கும்போது பானையை மூடக்கூடாது என்பது உம்மம்மாவின் கட்டளை. ஒருநாள் மழைச்சாரல் விழுகிறதே என்று நான் மூடிவிட்டேன். ஓடிவந்து மூடியைத் தூக்கியவர், அவித்த தண்ணீரையும் வேலியோரம் கொண்டுபோய் ஊற்றினார். "கிழங்குல நஞ்சிருக்கு மகள், அது ஆவியோட போகணும்" என்றார். மரவள்ளியில் சயனைட் உண்டு, திறந்து அவித்தால் பெரும்பகுதி போய்விடும் என்பது அறிவியல். எழுத்தே வாசிக்கத் தெரியாத அவருக்கு அது கைப்பழக்கமாக இருந்தது.

மாசியில் வெள்ளாமை வெட்டி, சூடு மிதித்து, நெல் வீடுகளுக்கு வரும். வயல்காரர்கள் நெல்லுச் சக்காத்துக் கொடுக்கும் நாட்களில், எங்கள் ஒழுங்கையின் கைம்பெண்கள் வீடுகளிலும் புதுநெல் அவியும் வாசம் எழும். உரலில் குத்திய சிவப்பரிசியின் கஞ்சியைத் தேங்காய்ப்பாலோடு குடித்தால் பத்து மணிவரை பசி எடுக்காது.

தம்பி மெலிந்திருந்தான். கிளினிக்கில் நிறுத்துப் பார்த்து, நிறை காணாது என்றார்கள். அந்த வருடம்தான் நாட்டில் திரிபோஷாத் திட்டம் தொடங்கியிருந்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் இலவசமாகக் கொடுக்கும் சத்துமா. பிறகு எங்கள் கிளினிக்கிலும் அது வந்தபோது, உம்மா தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடிப்பார். தம்பிக்கு நான்கு, எங்களுக்கு ஒன்றொன்று.

ஆனால் அவனைத் தேற்றியது அந்த உருண்டை மட்டுமல்ல, வேலியோரத்து முருங்கையும்தான் என்று உம்மம்மா சாகும்வரை நம்பினார். இரவில் கொத்தை முறித்து, வாப்பாவின் பழைய சாரன் துண்டில் இறுக்கிச் சுற்றி வைப்பார். விடிந்து அவிழ்த்து உதறினால் இலையெல்லாம் தானாக உதிர்ந்துகிடக்கும். சின்ன வெங்காயமும் கொச்சிக்காயும் தேங்காய்ப்பூவும் போட்டு ஒரு சுண்டல். சட்டியை இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிவார். கொதிக்கும்போது பிழிந்தால் கைக்கும் என்பார். கைப்புக்காக மட்டுமல்ல, இலையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவுகிறது, தேங்காயின் கொழுப்பு இலையின் விற்றமின் ஏ-யைச் சேர்க்கிறது. தம்பிக்கு அதைச் சோற்றில் பிசைந்து, விரல் நுனியளவு உருட்டி, "காக்கா வருது, பறந்து வருது" என்று வாயில் வைப்பார். அவன் துப்பினால் கோபிக்கமாட்டார். நாளைக்கு மறுபடி வைப்பார். நாளை மறுநாளும் வைப்பார்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி வந்தது. விடிந்தபோது மட்டக்களப்பிலிருந்து எங்கள் கரைவரை தென்னைகள் முறிந்தும் சாய்ந்தும் கிடந்தன. கூரை போனது, தறிக்கால் முறிந்தது. கடலுக்கும் போகமுடியாது. சந்தையில் எதுவும் குவியாத முதல் நாள் அதுதான். உம்மம்மா வளவுக்குள் நின்று சுற்றிப் பார்த்தார். பிறகு மண்வெட்டி எடுத்துவரச் சொன்னார். மண்ணுக்கடியில் மரவள்ளி பத்திரமாக இருந்தது. முறிந்து விழுந்த முருங்கைக் கிளைகளை வாப்பா துண்டாக வெட்டி வேலி நெடுக நட்டார். சில வாரத்தில் அவை துளிர்த்தன. அதில் ஒரு தடியை, ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் அக்கா கலியாணம் முடித்துப் போனபோது தன் வளவில் நட்டுக்கொண்டாள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து எங்கள் வேலியையும் மரத்தையும் கொண்டுபோனது. ராத்தாவின் மரத்திலிருந்து ஒரு தடி வாங்கி நான் மறுபடி நட்டேன். இன்று என் வாசலில் நிற்பது அதுதான்.

2022இல் அந்த மரத்தடியில்தான் என் மகள் அழுதாள். இரண்டு சின்னப் பிள்ளைகள், கடையில் பால்மா இல்லை, இருந்தாலும் வாங்க முடியாது. அந்த செப்டம்பரில் கொழும்புக் கணக்கின்படி உணவின் விலை ஒரு வருடத்தில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. அவளுடைய சம்பளத்துக்கு முன்னால் எந்தப் புத்திமதியும் சின்னதுதான் என்று எனக்குத் தெரியும். வெறுங்கையோடு இருப்பவளிடம் கீரை சாப்பிடு என்று சொல்லிவிட்டு அரசாங்கமோ அயலாரோ ஒதுங்கிவிட முடியாது. எங்களுக்குக் கூப்பனும், சக்காத்து நெல்லும், கிளினிக் திரிபோஷாவும் சேர்ந்துதான் கைகொடுத்தன. ஆனால் மலிவானதைக் கொடுக்கிறோமே என்று அவள் கூனிக்குறுகியதுதான் எனக்குத் தாங்கவில்லை. மகள், ஒரு பொருள் மலிவது அது விளைந்து குவியும்போதுதான். அன்றைக்குத்தான் அது புதிது, அன்றைக்குத்தான் அதற்கு ருசி. மலிந்த நாளும் நல்ல நாளும் ஒன்று என்றேன். அன்றிரவு ஒரு கொத்து முறித்து, சாரன் துண்டில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன்.

சின்னவன் முதல் மூன்று நாளும் துப்பினான்.

இப்போது அவளுக்குக் கல்முனையில் வேலை. பின்னேரம் சந்தைப்பக்கம் வந்ததும் தொலைபேசியில் கூப்பிடுவாள். "உம்மா, இண்டைக்கு என்ன வாங்க?"

"எது குவிஞ்சு கிடக்கு மகள்?"

கொஞ்சம் சத்தமில்லை. சுற்றிப் பார்க்கிறாள் போலும். விலை கூவுகிறவர்களின் குரல் மட்டும் கேட்கிறது. பிறகு சொல்கிறாள்: "கீரிமீன், உம்மா. மலை மாதிரிக் கிடக்கு."

நான் எழுந்துபோய் மண்சட்டியைக் கழுவி வைக்கிறேன்.