சந்திரலேகா: கதையைக் கடந்த ஆட்டம்

மகாராஷ்டிரத்தில் 1928-இல் பிறந்து, சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளை என்னும் நட்டுவனாரிடம் பரதம் பயின்ற சந்திரலேகாவின் கலைவாழ்வில், அவர் ஆடாமல் இருந்த ஆண்டுகளுக்கும் ஆடிய ஆண்டுகளுக்கு நிகரான இடம் உண்டு. ராயலசீமை வறட்சி நிவாரணத்துக்காக 1952-இல் நிகழ்ந்த அவரது அரங்கேற்றத்தில், ‘மதுரா நகரிலோ’ என்ற பாடலுக்கு அபிநயம் பிடித்து, யமுனையின் நீர்ப்பெருக்கை விரல்களால் காட்டிக்கொண்டிருந்தபோது, வெடித்துக் கிடந்த வறண்ட நிலத்தின் படங்கள் அவர் மனக்கண்ணில் எழுந்தன. தண்ணீருக்குத் தவிப்போருக்கென நிதி திரட்டும் மேடையில் தண்ணீரின் செழிப்பைப் பாவித்துக்காட்ட நேர்ந்த அந்த முரண் அவரை நெடுங்காலம் விடவில்லை.

பின்னர் பெரும்பாலும் மேடையைவிட்டு விலகி, எழுத்திலும் சுவரொட்டி வடிவமைப்பிலும் பெண்ணுரிமை இயக்கங்களிலும் ஈடுபட்ட அவர், 1985-இல் ‘அங்கிகா’ என்ற நடனப் படைப்புடன் முழு வேகத்தில் திரும்பினார். பரதத்தின் அடவுகளை, அதாவது கை, கால், உடல் மூன்றும் இணையும் அடிப்படை அசைவுகளை, கேரளத்தின் போர்க்கலையான களரிப்பயிற்றோடும் யோகத்தோடும் அருகருகே நிறுத்தியபோது, மூன்றுக்கும் பொதுவான முதுகெலும்பின் வலிமை துலக்கமாகத் தெரிந்தது. மரபைக் குலைத்தார் என்ற குற்றச்சாட்டு எழுந்ததுண்டு. ஆனால் முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துத் தாழ்ந்து நிற்கும் அரைமண்டியை, வேறு நிலைக்குப் போகும் வழியாகக் கருதாமல், தன்னளவில் நிறைவுடைய வடிவமாகப் பார்க்கவைத்தவரை மரபின் கூர்ந்த மாணவி என்பதே பொருந்தும். பாஸ்கரரின் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித நூலைக்கூட அவர் 1989-இல் ‘லீலாவதி’யாக ஆடவைத்தார்.

2001-இல் உருவான ‘சரீரா’ அவரது கடைசிப் படைப்பு. குந்தேச்சா சகோதரர்களின் துருபத் இசை, அதாவது ஸ்வரங்களை நிதானமாக விரித்துச் செல்லும் வட இந்தியப் பழம்பாணிப் பாட்டு, ஒலிக்க, தரையில் கிடக்கும் பெண் கால்களை மிக மெதுவாக உயர்த்தி விரிக்கிறாள்; தொடைகளும் இடுப்பும் முக்கோணமாகின்றன; களரி பயின்ற ஆண் அந்த வடிவத்தை நெருங்குகிறான். உடலின்பத்தைக் கூச்சமோ கவர்ச்சியோ இன்றி, வழிபாட்டுக்குரிய ஆற்றலாக இத்தனை நேர்மையோடு காட்டிய படைப்பு இந்திய மேடையில் அரிது. பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டிய தம் வீட்டு வளாகத்தில் இவற்றையெல்லாம் ஒத்திகை பார்த்த சந்திரலேகா 2006 டிசம்பரில் மறைந்தார். அவர் குழுவில் பத்தாண்டு ஆடிய பத்மினி செட்டூர், கதையும் அபிநயமும் அற்ற அசைவை இன்னும் நுண்ணிய கூறுகளாகப் பகுத்துத் தமக்கெனத் தனிப் பாதை வகுத்துக்கொண்டார்.