கலங்கிய நீருக்கு எந்த நிறம்?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டென்னசி ஆற்றை மறித்து 1939ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணையின் பின்னே விரிந்து கிடக்கிறது கன்டர்ஸ்வில் ஏரி. அகல்வாய்ப் பாஸ் என்னும் மீனைப் பிடிக்க என் மகன் சனிக்கிழமைதோறும் அங்கே செல்வான். ஞாயிற்றுக்கிழமையும் செல்வான், திருப்பலிக்கு வரமாட்டான். நான் அவன் வீட்டுக்குச் சென்றிருந்த மூன்று வாரங்களும் இதைப் பற்றியே எங்களுக்குள் பேச்சுத் தடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை, கோபம் தணியாமலே அவனது படகில் ஏறி அமர்ந்தேன்.

அவன் திறந்த பெட்டியில் வரிசை வரிசையாகப் பொய்யிரைகள். ஈயத்தாலான தலை, அதனுள்ளிருந்து வளைந்த தூண்டில் முள், கழுத்தைச் சுற்றிக் குஞ்சம்போல் சிலிக்கோன் இழைகள். அந்தக் குஞ்சத்தை அந்நாட்டார் ‘பாவாடை’ என்றே அழைக்கின்றனர்! நீருக்குள் இழுக்கையில் அது விரிந்தும் சுருங்கியும் உயிருள்ளதுபோல் அசையும்.

“தெளிந்த நீருக்குப் பழுப்பும் மங்கிய பச்சையும், அப்பா. அடியில் ஊரும் கிரேஃபிஷின் நிறம் அது. சிறு மீன்களைத் துரத்தும் காலத்தில் வெள்ளை. கலங்கிய நீரில் கறுப்போடு நீலம். அங்கே நிறத்தைவிட நிழலுருவந்தான் மீனுக்குத் தெரியும்.”

“கறுப்பையும் நீலத்தையும் மீன் பிரித்தறியுமா?”

சிரித்தான். 2019இல் வெளியான இல்லினாய்ப் பல்கலைக்கழக ஆய்வொன்றைப் பற்றிச் சொன்னான். இம்மீன் சிவப்பையும் பச்சையையும் நன்கு அறியுமாம். கறுப்பையும் நீலத்தையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளுமாம். அப்படியானால் கடைகளில் ஏன் இத்தனை நிறங்கள்? மீனுக்கு முன்னே மனிதன் அகப்பட வேண்டுமே!

பொய்யைக் காட்டிப் பிடிப்பது எனக்கு உறுத்தியது. பேதுரு வலைஞர், ஆலய வரிக்கான நாணயத்துக்காக ஒருமுறைதான் அவரைத் தூண்டில் போடச் சொன்னார் ஆண்டவர். “பிடித்ததை நீரிலேயே விட்டுவிடுகிறேனே” என்றான் மகன். பசிக்காக அன்றி அதன் வாயைக் கிழிப்பானேன் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

முந்திய இரவு மழை பெய்திருந்தது. பழுப்பு நிறத்தோடு இரண்டு மணி நேரம் வீணாயிற்று. பிறகு நீரைக் குனிந்து பார்த்தான். கறுப்பு நீலத்தை மாட்டினான். மூன்றாம் வீச்சில் மீன் கவ்வியது. மீனின் மேற்பூச்சு கெடாதிருக்கக் கையை நனைத்துக்கொண்டு அதைத் தாங்கியபடி, என்னைப் பாராமலே சொன்னான்:

“அம்மா போன பிறகு கோயிலில் உட்கார முடியவில்லை, அப்பா. பாடல் தொடங்கினாலே எழுந்து ஓடிவிடத் தோன்றுகிறது.”

மூன்று வாரமாகக் கடமை, கட்டளை, பாவம் என்ற அதே சொற்களையே அவன்மேல் வீசியிருந்தேன். ‘ஏன் தம்பி?’ என்று ஒருமுறையேனும் கேட்டேனில்லை. அவள் எனக்கும் மனைவியாயிருந்தவள்தானே!

மீன் அவன் கையிலிருந்து வழுகி ஆழத்துக்குள் மறைந்தது. வெகுநேரம் நாங்கள் பேசவில்லை.

மறுநாளும் அவன் ஏரிக்கே புறப்பட்டான். வண்டியின் பின்னே படகைப் பூட்டி, வழியில் என்னைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டான். “அம்மாவுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றிவிடுங்கள்” என்று பணத்தை என் கையில் வைத்தான்.