நாகோருருவின் ஊர்

ஜப்பானுக்குப் போகிறவர்கள் பார்த்தே தீரவேண்டியவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பூஜி மலை, கியோட்டோ நகரத்துக் கோயில்கள், செர்ரிப் பூக்கள் என்று அது நீளும். அவற்றில் எதைப் பற்றியும் இந்த வாரம் நான் சொல்லப் போவதில்லை. ஒரு பெண்ணின் ஊரைத் தேடிக்கொண்டு போன கதையைத்தான் சொல்லப் போகிறேன். அவள் பெயர் நாகோருரு. பிறந்த வருஷம் 1993. பிறந்த இடம், ஒஸாகாவைச் சேர்ந்த ஒரு விளையாட்டு யந்திரக் கம்பெனி!

"இதென்ன, சிறு பிள்ளைகள் விஷயம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. நானும் அப்படி நினைத்தவள்தான். என் அக்காள் மகன் கல்லூரியில் படிக்கிறான். தான் பிறப்பதற்கு முன்பே வந்த ஒரு பழைய விளையாட்டை ராத்திரி ராத்திரியாகக் கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருப்பான். நான் ஜப்பானுக்குக் கிளம்புகிறேன் என்று தெரிந்ததும் ஓடி வந்தான்.

"சித்தி! எனக்கு ஒன்றும் வாங்கிவர வேண்டாம். நாகோருருவின் ஊரை மட்டும் பார்த்துவிட்டு வா. காமுயிகோட்டான் என்று பெயர். நிஜமாகவே இருக்கிறதாம்!" என்றான்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எஸ்.என்.கே. என்ற கம்பெனி 1993-ல் 'சாமுராய் ஸ்பிரிட்ஸ்' என்று ஒன்றை வெளியிட்டது. அப்போதெல்லாம் சண்டை விளையாட்டு என்றால் கையாலும் காலாலும் அடித்துக்கொள்வதுதான். இதில் ஆளுக்கொரு ஆயுதம். அடுத்த வருஷம், 1994 அக்டோபரில், இரண்டாம் பாகம் வந்தது. வெளிநாடுகளில் 'சாமுராய் ஷோடவுன் 2' என்று பெயர். முதலாவதைவிட இரண்டாவதே மேல் என்று இன்றும் அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. இதில் நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய வீரர்கள் 15 பேர். கதை நடப்பது 18-ம் நூற்றாண்டில். அந்தக் காலத்து ஜப்பான் அந்நியர்களுக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்த நாடு. ஆனால் இந்த விளையாட்டில் ஒரு பிரெஞ்சுச் சீமாட்டியும், நாயும் கையுமாக ஓர் அமெரிக்கனும் தாராளமாக வந்து வாள் வீசுகிறார்கள்! சரித்திரம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளத்தான் வேண்டும்.

டோக்கியோவில் ஒரு விளையாட்டுக் கூடத்தில் இந்தப் பழைய யந்திரத்தைக் கண்டுபிடித்தேன். 100 யென் நாணயத்தைப் போட்டு நாகோருருவைத் தேர்ந்தெடுத்தேன். தலையில் பெரிய முடிச்சு, பூவேலை செய்த உடுப்பு, கையில் ஒரு சிறு கத்தி, கூடவே ஒரு பருந்து. பருந்தின் பெயர் மாமாஹாஹா. ஜப்பானிய பாஷையில் அந்த வார்த்தைக்கு 'மாற்றாந்தாய்' என்று அர்த்தம். ஆனால் இந்த மாற்றாந்தாய் அவளைக் காலில் தொங்கவிட்டுக்கொண்டு ஆகாயத்தில் பறக்கிறது!

கன்னங்கறுப்பாக உடுத்திய ஒருவர் கொடிகளோடு நின்று தீர்ப்புச் சொல்கிறார். கபூகி நாடக மேடையில் யார் கண்ணிலும் படாததாகப் பாவித்துக்கொண்டு, சாமான்களை எடுத்து வைப்பாரே ஒரு கறுப்புடை ஊழியர், அவரைத்தான் இங்கே மத்தியஸ்தராக்கியிருக்கிறார்கள்.

ஆட்டம் ஆரம்பித்ததும் நான் எல்லாப் பொத்தான்களையும் போட்டு அழுத்தினேன். எதிரி ஹாவோமாரு ஒரே ஓர் அடி முன்னால் வந்து ஓங்கி வெட்டினான். என் உயிரில் பெரும் பங்கு போயிற்று. இன்னொரு வெட்டு. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், 100 யென் காலி!

அப்புறம் பக்கத்து யந்திரத்தில் ஆடுகிறவர்களைக் கவனித்தேன். அவர்கள் அவசரப்படவே இல்லை. இருவரும் எட்ட நின்று, முன்னும் பின்னுமாக அடி வைத்து, ஒருவர் தவறு செய்வதற்காக மற்றவர் காத்திருந்தார்கள். ஒரு வெட்டு வீணாகிவிட்டால் அதற்குள் எதிரியின் வாள் இறங்கிவிடும். அடி வாங்க வாங்கக் கோபம் ஏறுகிறது. கோபம் நிரம்பியபோது சரியாக அடித்தால் எதிரியின் ஆயுதமே உடைந்துவிடும். அவன் கொஞ்ச நேரம் வெறுங்கையோடு நின்று சமாளிக்க வேண்டும். கையிலிருப்பது போனபின் எப்படி நிற்பது என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர்நிலை என்று அப்போது எனக்குப் பட்டது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வடக்கே, ஹொக்கைடோ தீவுக்கு விமானம் ஏறினேன். ஸப்போரோவிலிருந்து அஸாஹிகாவா நகரத்துக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரப் பிரயாணம். அக்டோபர் மாதம், ஜன்னலுக்கு வெளியே மரங்களெல்லாம் குங்குமத்தைக் கொட்டியதுபோல் சிவந்திருந்தன. அஸாஹிகாவா வரப் போகும் சமயத்தில் ரயில் ஒரு நீண்ட சுரங்கத்துக்குள் நுழைந்தது. நாலரை கிலோமீட்டர் இருட்டு. நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். தேடி வந்த காமுயிகோட்டான் அந்த மலைக்கு வெளியே ஆற்றங்கரையில் இருக்கிறது என்பதும், 1969-ல் இந்தச் சுரங்கம் வந்ததும் அந்த ஊர் ஸ்டேஷனை மூடிவிட்டார்கள் என்பதும் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. எதற்காக அத்தனை தூரம் வந்தேனோ, அதைப் பார்க்காமலே கடந்து வந்திருக்கிறேன்!

காமுயிகோட்டானுக்குப் போகுமுன் அஸாஹிகாவாவில் ஒரு காட்சிசாலைக்குப் போனேன். நாகோருரு ஐனு இனத்துப் பெண். ஐனு மக்கள் ஹொக்கைடோவின் பூர்வகுடிகள். அந்தத் தீவுக்கு எஸோ என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே அங்கே மீனும் மானும் கரடியும் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான கவாமுரா இதாகிஷிரோமா என்பவர் 1916-ல் தொடங்கியது இந்தக் காட்சிசாலை. ஐனு காட்சிசாலைகளில் இதுவே மிகப் பழையது. அவருடைய மகன் கவாமுரா கானெதோவின் பெயரால் இன்று வழங்குகிறது. கானெதோ ரயில் பாதைகளுக்கு அளவெடுக்கும் நிபுணர். நடு ஜப்பானில் யாரும் போகத் துணியாத மலைப் பள்ளத்தாக்கில் பாதைக்கு அளவெடுத்துக் கொடுத்தவர்.

உள்ளே நுழைந்ததும் நான் செய்த முதல் காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கைப்பேசியில் நாகோருருவின் படத்தை எடுத்து, அங்கே இருந்த அம்மாளிடம் காட்டி, இவளுடைய பொம்மை ஏதாவது கிடைக்குமா என்று சைகையால் கேட்டேன். அந்த அம்மாள் படத்தைப் பார்த்தார். புன்னகை செய்தார். தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடிப் பெட்டிகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

போய்ப் பார்த்தேன். எல்ம் மரத்தின் உட்பட்டையை ஊறவைத்து, நாராகக் கிழித்து, நூலாக்கி நெய்த அங்கிகள். கழுத்திலும், கை விளிம்பிலும், கீழ் ஓரத்திலும் சுருள் சுருளாகப் பூவேலை. உடுப்பில் எங்கெல்லாம் திறப்பு உண்டோ அங்கெல்லாம் துர்த்தேவதைகள் நுழையாமல் காவல் என்பது ஐதீகம். தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்து, மகள் பேத்திக்குக் கற்றுக்கொடுத்து வந்த வேலை. நாகோருருவின் உடுப்பில் இருப்பது இதன் சாயல்தான்.

இன்னொரு பெட்டியில் ஒரு சிறு கத்தி. மர உறையெங்கும் நுணுக்கமான செதுக்கு வேலை. 'மெனோகோ மகிரி', அதாவது பெண்களின் கத்தி. ஐனு வாலிபன் தானே செதுக்கி, தான் விரும்பும் பெண்ணுக்குக் கொடுப்பானாம். அவள் அதை வாங்கி இடுப்பில் அணிந்துகொண்டால் சம்மதம் என்று பொருள். எத்தனை அழகாகச் செதுக்கியிருக்கிறான் என்று பார்த்தே மாப்பிள்ளையின் கைத்திறனை எடை போட்டுவிடலாம். சண்டைக்கு உரிய ஆயுதம் என்று நான் டோக்கியோவில் நினைத்தது, இங்கே காய் நறுக்கவும் மீன் அரியவும் காதல் சொல்லவும் ஆன சாமான்!

அடுத்தது பழைய புகைப்படங்கள். அதில் பாட்டிமார்களின் உதட்டைச் சுற்றிக் கருநீலப் பச்சை குத்தியிருந்தது. சிறுமியாக இருக்கும்போது ஆரம்பித்து, கல்யாணத்துக்குள் முடிப்பார்களாம். அதுதான் அவர்களுக்கு அழகு. 1871-ல் சர்க்கார் அதைத் தடை செய்தது. விளையாட்டில் வரும் நாகோருருவின் உதடு சுத்தமாக இருக்கிறது. படம் வரைந்தவர்கள் அங்கியை எடுத்துக்கொண்டார்கள், கத்தியை எடுத்துக்கொண்டார்கள், பாட்டியின் உதட்டை விட்டுவிட்டார்கள்.

தடை அதோடு நிற்கவில்லை. ஆற்றில் ஸாமன் மீன் பிடிப்பது குற்றமாயிற்று. 1899-ல் 'முன்னாள் பூர்வகுடிகள் பாதுகாப்புச் சட்டம்' என்று ஒன்று வந்தது. பெயர்தான் பாதுகாப்பு. வேட்டையை விட்டுவிட்டு உழவு செய். உன் பாஷையை விட்டுவிட்டு ஜப்பானியம் படி என்பதே அதன் சாரம். அஸாஹிகாவாவில் ராணுவம் வந்து இறங்கிய 1900-ல், இங்கிருந்த ஐனு குடும்பங்களை வேறிடத்துக்குக் கிளப்பப் பார்த்தார்கள். அவர்கள் எதிர்த்து நின்று, அசையாமல் இருந்துவிட்டார்கள்.

அந்த 1899-ம் வருஷத்துச் சட்டம் எப்போது ரத்தாயிற்று தெரியுமா? 1997-ல்! விளையாட்டுக் கூடங்களில் பிள்ளைகள் நாகோருருவுக்காக நாணயம் போட்டுக்கொண்டிருந்த 1994-ல் அது அமலில்தான் இருந்தது. அதே 1994-ல் இன்னொன்றும் நடந்தது. கயானோ ஷிகேரு என்ற ஐனு பெரியவர் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் இடம் பெற்றார். அவர் இனத்தில் அந்த இடத்துக்குப் போன முதல் மனிதர். ஸாமன் பிடித்ததற்காகத் தகப்பனாரைப் போலீஸ் கொண்டுபோனதைச் சிறு வயதில் கண்ணால் பார்த்தவர். அந்தச் சபையில் எழுந்து ஐனு பாஷையில் பேசினார். ஐனு மக்கள் பூர்வகுடிகளே என்று 2008-ல் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 2019-ல் சட்டமே அப்படிச் சொல்லிற்று.

மறுநாள் காலை டாக்ஸி வைத்துக்கொண்டு காமுயிகோட்டானுக்குப் போனேன். காமுய் என்றால் தெய்வம். கோட்டான் என்றால் ஊர். ஜப்பானின் நீளமான ஆறுகளில் மூன்றாவதான இஷிகாரி, 268 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, இந்த இடத்தில் மலைகளுக்கு நடுவே நெருக்குண்டு சீறிக்கொண்டு போகிறது. வெள்ளை நிறத் தொங்கு பாலம் ஒன்று அக்கரைக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே ரயில் வராத அந்தப் பழைய மர ஸ்டேஷன். பக்கத்தில் மூன்று நீராவி என்ஜின்கள், எங்கும் போக அவசரமில்லாமல், சிவந்த இலைகளுக்கடியில் நிற்கின்றன.

ஆற்றுப் பாறைகளில் வட்ட வட்டமாகக் குழிகள். சுழலில் அகப்பட்ட கூழாங்கற்கள் காலங்காலமாக அரைத்துப் போட்டவை என்கிறது விஞ்ஞானம். ஐனு கதை வேறு சொல்கிறது. ஒரு பூதம் ஆற்றில் பெரும் பாறையைப் போட்டு, படகில் வரும் ஜனங்களை அழிக்கப் பார்த்ததாம். ஸமாயிகுரு என்ற வீரன் துரத்தி வந்து வெட்டிச் சாய்த்தானாம். குழிகள் அந்தப் பூதத்தின் கால் தடங்கள். பாறைகள் அதன் தலையும் உடலும். வாளும் வீரனும் பூதமும் இங்கே முன்பே இருந்தார்கள். ஒஸாகாக்காரர்கள் புதிதாகக் கொண்டுவரவில்லை!

பாலத்தின் நடுவில் நின்று அக்காள் மகனுக்காக ஒரு படம் எடுத்தேன். அப்போது அவன் சொன்ன முடிவு நினைவுக்கு வந்தது. இரண்டாம் பாகத்தில் நாகோருரு வென்றபின் வீடு திரும்புவதில்லை. இயற்கையைக் காப்பதற்காகத் தன்னையே கொடுத்து, அதில் கலந்து மறைகிறாள். "அந்த இடத்தில் அழாதவன் கிடையாது, சித்தி" என்பான்.

கதையில் மறைவது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்சிசாலையில் புன்னகை செய்த அந்த அம்மாளை நினைத்துப் பார்த்தேன். அவருடைய ஜனங்களிடமிருந்து மீன் போயிற்று, பாஷை போயிற்று, உதட்டின் அழகு போயிற்று. ஆயுதம் உடைந்தபின் வெறுங்கையோடு நின்றவர்கள் அவர்கள். ஆனால் மறைந்துவிடவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பேரப் பிள்ளைகளுக்குப் பாட்டியின் பாஷையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

விளையாட்டின் மேல் எனக்குக் குறையில்லை. நாகோருரு சண்டையில் கூவுகிற சொற்களில் 'ரெரா' என்றால் காற்று, 'ரிம்ஸே' என்றால் நடனம். அழிவின் விளிம்பில் நிற்கும் பாஷை என்று யுனெஸ்கோ 2009-ல் குறித்த பாஷையின் வார்த்தைகள், எங்கேயோ இருக்கும் என் அக்காள் மகனின் வாயில் புழங்குகின்றன. அவன் சொல்லியிராவிட்டால் நான் அந்தச் சுரங்கத்து இருட்டோடு ஊர் திரும்பியிருப்பேன்.

பொம்மை வாங்கவில்லை. கோலம் அச்சிட்ட துணியும் நூலுமாக ஒரு சிறு பொட்டலம் வாங்கி வந்தேன். ஒரு சுருளைப் போட்டு முடிக்க எனக்கு மூன்று சாயங்காலம் ஆயிற்று. நூல் இரண்டு தடவை சிக்கிக்கொண்டது. அக்காள் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் மெதுவாக, "இப்படிக் கொடு, சித்தி. அடுத்த சுருளை நான் போட்டுப் பார்க்கிறேன்" என்று கையை நீட்டினான்.