சின்னாறும் நாத்தனார் வீட்டு ஆமையும்

உடுமலைப்பேட்டையில் என் நாத்தனார் வீடு. போன புரட்டாசியில் போயிருந்தபோது, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப். எட்டிப் பார்த்தால் உள்ளே ஓர் ஆமை! உள்ளங்கை அகலம்தான். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்து, கோலம் போட்ட மாதிரி அத்தனை அழகு.

"வீட்டிலே இருந்தா பணம் சேருமாம் அண்ணி. அவர்தான் யார்கிட்டேயோ வாங்கிட்டு வந்தார்" என்றாள்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இப்போது அதே ஆமை மகாலட்சுமி ஆகிவிட்டது, பாருங்கள்!

மறுநாள் எல்லோருமாக மூணாறு கிளம்பினோம். மூணாறு என்றால் தேயிலைத் தோட்டமும் குளிரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் போகிற வழியில், எல்லை தாண்டியதும் வருகிற சின்னாறு காடு வேறு மாதிரி. மேற்கிலிருந்து வரும் மழையை மலை மறித்துவிடுவதால் வருஷத்தில் ஏறக்குறைய 48 நாள்தான் இங்கே மழையாம். எங்கு பார்த்தாலும் முள்ளும் கள்ளியும் பாறையும். 1984-ல் சரணாலயம் ஆக்கியிருக்கிறார்கள். சாம்பல் நிற அணிலுக்குப் பேர் போன இடம். எங்கள் கண்ணில் பட்டதென்னவோ குரங்குகள்தான்!

செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, வழிகாட்டியாக வந்த முதுவான் இன இளைஞருடன் கொஞ்ச தூரம் நடந்தோம். பேச்சுவாக்கில் நட்சத்திர ஆமை பற்றிச் சொன்னார். இந்த மாதிரி முட்காடுதான் அதற்குத் தாய்வீடு. வெளிநாட்டுக்குக் கடத்தும்போது விமான நிலையங்களில் பிடிபட்ட ஆமைகளை இங்கே கொண்டுவந்து, வேலிக்குள் வைத்துப் பழக்கி, பிறகு காட்டில் விட்டிருக்கிறார்களாம். கால் அசையாதபடி டேப் சுற்றி, சூட்கேஸில் அடுக்கி வருமாம். கேட்கவே வயிற்றைப் பிசைந்தது. நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஒருத்தர் வீட்டிலே ஒண்ணு இருக்கு. அதை இங்கே கொண்டுவந்து விட்டுடலாமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

கூடாதாம். அதற்கு நோய் இருந்தால் காட்டில் இருக்கிற ஆமைகளுக்கும் பரவிவிடும். போதாததற்கு, நம் தெற்கத்தி ஆமையும் ராஜஸ்தான், குஜராத் பக்கத்து ஆமையும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் வம்சம் வேறு. கலக்கக்கூடாது. "வனத்துறைகிட்டே கொடுக்கணும் அம்மா. பாவப்பட்டு காசு கொடுத்து வாங்கவும் கூடாது. ஒண்ணு வித்தா நாளைக்கு ரெண்டு பிடிப்பான்" என்றார்.

ஊர் வந்து படித்துப் பார்த்தேன். 1972-ம் வருஷத்துச் சட்டப்படி இதைப் பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். நம் நாட்டில் ஒரே ஒரு மையத்தின் வழியாக மட்டும் வருஷத்துக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் காட்டிலிருந்து போயின என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. முட்டையிடும் பருவத்துக்கு வரவே பல வருஷம் ஆகிற ஜீவன், எப்படித் தாங்கும்? 2019-ல் உலக நாடுகள் கூடி, வெளிநாட்டு வியாபாரமே கூடாது என்ற பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டன.

நாத்தனார் வீட்டுக்காரர் லேசில் ஒப்பவில்லை. "கேஸ் போட்டுடுவாங்க" என்று பயம். ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்கால் ஓரம் விட்டுவிடலாம் என்றார். இது தரை ஆமை, தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும் என்று நான் சண்டை பிடித்தேன். நாத்தனார் மகன் வேறு ஒரே அழுகை. இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை.

கடைசியில் நாங்கள் மூவருமே வனத்துறை அலுவலகத்துக்குப் போனோம். யாரிடம் வாங்கியது என்று துருவித் துருவிக் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டார்கள். நல்லவேளை, அதோடு விட்டார்கள். மருத்துவர் ஓட்டை அழுத்திப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. டப்பிலே வெயில் படாமல், புல் பூண்டு இல்லாமல், சோறும் பாலுமாகக் கொடுத்ததில் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிட்டதாம். ஓடு இறுகினால்தான் காட்டைப் பற்றி யோசிக்க முடியும் என்றார்.

போன வாரம் நாத்தனார் போன் பண்ணிக் கேட்டாளாம். இன்னும் இறுகவில்லை என்று பதில்.