வர்ணத்தின் அடியில்

தக்கலையில் எங்கள் பூர்வீக வீட்டின் மேற்குப் பலகைச் சுவரைக் கரையான் அரித்திருந்தது. சென்ற ரமலானுக்கு முன் வர்ணம் பூசி மறைத்திருந்தேன். இம்மழையில் தச்சர் உளியால் தட்டியதும் பலகை மண்ணாய் உதிர்ந்தது. நல்ல மரம் தென்படும்வரை அறுத்தெடுத்து, புதுப் பலகையைத் தரையின் ஈரம் எட்டாதவாறு நான்கு விரற்கடை உயர்த்திப் பொருத்தினார்.

“அரித்த மரத்தில் ஆணி நிற்காது, ஹஜ்ரத்” என்றார்.

நபி சுலைமான் (அலை) அவர்கள் மரணித்ததை, அவர்கள் சாய்ந்திருந்த தடியைக் கரையான் அரித்து, அவர்கள் கீழே விழும்வரை ஜின்கள் அறியவில்லை. ஸபா அத்தியாயத்தின் இச்செய்தியை மாணவர்களுக்குப் பலமுறை கற்பித்திருக்கிறேன்.

இவ்வீட்டின் பாகப்பிரிவினையில் மனம் கசந்த தம்பியிடம் பெருநாள் ஸலாமை மட்டும் வர்ணமாகப் பூசி வந்தேன். சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்கலாகாது என்பது நபிமொழி.

அன்று அஸருக்குப் பின் தம்பியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அல்லாஹ் நம் உள்ளங்களைச் சீராக்குவானாக! ஆமீன்.